ஆறிப்போன பஜ்ஜிக்கு எதற்குக் கலோரி?

தீபாவளி முடிந்து, பட்சண டப்பாவின் அடியில் தூள் மட்டும் மிஞ்சியிருக்கிற வாரம் இது. வந்த கடிதம், வாட்ஸ்ஆப் எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தால் முக்கால்வாசிக்கு ஒரே சாரம்தான்: வாயைக் கட்ட முடியலை, பேன்ட் பட்டனைப் போட முடியலை. சரி, இந்த வாரம் முழுக்க இதையே பேசிவிடுவோம். சர்க்கரை, பிரஷர், கிட்னி என்று ஏற்கெனவே மருந்தில் இருப்பவர்கள் மட்டும் இங்கே படித்ததை உங்கள் டாக்டர் காதிலும் போட்டுவிட்டு அப்புறம் ஆரம்பியுங்கள்.

நங்கநல்லூர் வாசகி: அக்கா, காலையில் மூன்று இட்லி, மதியம் அளவாகச் சாதம், ராத்திரி இரண்டு சப்பாத்தி. ஸ்வீட் பக்கமே போக மாட்டேன். ஆனாலும் 74 கிலோ. தண்ணி குடிச்சாலே குண்டாகிற உடம்பா என்னுது?

அப்படி ஒரு உடம்பு கிடையாதும்மா. தைராய்டு ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், அது சரியாகச் சுரக்காவிட்டால் சில கிலோ ஏறும். மொத்தப் பழியையும் அதன் தலையில் போட முடியாது. நீங்கள் பொய் எழுதியிருக்கிறீர்கள் என்றும் சொல்ல மாட்டேன். தட்டில் விழுந்ததை எழுதியிருக்கிறீர்கள், தட்டில் விழாமலேயே வாய்க்குள் போகிறது ஒன்று இருக்கிறதே, அதற்குத்தான் கணக்கைக் காணோம்.

எனக்கு இது உறைத்த கதையைச் சொல்கிறேன். சில வருஷம் முன்னால், ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிக்கொண்டே எனக்கு எடை ஏறிக்கொண்டிருந்த காலத்தில், பிரிட்ஜ் மேல் இருந்த பால் கணக்கு நோட்டை எடுத்து, மூன்று நாள், வாயில் போடுகிற எல்லாவற்றையும் போடுவதற்கு முன்னாலேயே எழுதினேன். முன்னால் என்பது முக்கியம், அப்புறம் எழுதிக்கலாம் என்று விட்டால் வசதியாக மறந்துபோகும். முதல் நாள் பக்கம் இப்படி இருந்தது: காபி. இன்னொரு காபி. உருளைக்கிழங்கு வறுவல், உப்புப் பார்க்க, நாலு துண்டு. மறுபடியும் உப்புப் பார்க்க, ஆறு துண்டு. பையன் டிபன் டப்பாவில் திரும்பி வந்த அரை சப்பாத்தி, குப்பையில் போட மனசு வராமல். மிக்சர் ஒரு பிடி. மிக்சர் இன்னொரு பிடி, சீரியல் ஓடும்போது. பாத்திரம் ஒழிக்கும்போது அடியில் ஒட்டியிருந்த பாயசம். ராத்திரி கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட 600 கலோரி, ஒரு வேளைச் சாப்பாடு. இதில் எதையாவது ருசித்துச் சாப்பிட்டேனா என்று யோசித்தேன். மிக்சரில் அகப்பட்ட ஒரே ஒரு முந்திரி ஞாபகம் இருந்தது. மற்றதெல்லாம் போனதே தெரியவில்லை.

அன்றைக்குப் பிடித்த கட்சிதான் எனக்கு இன்றைக்கும். பிடித்ததை விட வேண்டாம். ருசி தெரியாமல் உள்ளே போகிறதை முதலில் நிறுத்திப் பாருங்கள்.

அதில் பெரிய கள்ளன் எண்ணெய். மளிகை பில்லை எடுத்துப் பாருங்கள், மாசத்துக்கு எத்தனை லிட்டர்? நாலு பேர் வீட்டில் ஐந்தரை லிட்டர் தீர்கிறது என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 46 மில்லி, ஏறக்குறைய 42 கிராம். ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். 15 கிராம் அதிகம், கிராமுக்கு 9 கலோரி, தினமும் 135 கலோரி எந்த ருசியும் சேர்க்காமல் சும்மா போகிறது. கேனை அப்படியே வாணலியில் சாய்க்காதீர்கள், ஸ்பூனால் விடுங்கள். "மரச்செக்கு எண்ணெய்தான் மேடம் வாங்கறோம்" என்று நாலு பேராவது பதில் எழுதுவீர்கள், தெரியும். மணமாக இருக்கும், மறுக்கவில்லை. அதற்கும் கிராமுக்கு 9 கலோரிதான்.

காபியையும் எண்ணுங்கள். இரண்டு ஸ்பூன் சர்க்கரை வீதம் நாலு டம்ளர் என்றால் 40 கிராம் சர்க்கரை. நாளைக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலையில் குடிக்கிற முதல் டிகாக்‌ஷன் காபியில் கை வைக்க நான் யார்? பதினொரு மணிக்கு, பக்கத்து வீட்டம்மா வந்தார் என்பதற்காக அவரோடு சேர்ந்து குடிக்கிறீர்களே, அதை விடுங்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து ஒருவர்: நாலு மணி ஆனால் ஆபீசில் பஜ்ஜி வந்துவிடும். எல்லாரும் எடுக்கும்போது நான் மட்டும் எப்படிச் சும்மா இருப்பது?

பெசன்ட் நகர் பீச்சில், எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு, நாக்கைச் சுட்டுக்கொண்டு, ஹா ஹா என்று ஊதிக்கொண்டே சாப்பிடுகிற மிளகாய் பஜ்ஜிக்கு நான் என்றைக்கும் எதிரி கிடையாது. மூன்றரைக்கு வாங்கி, லிஃப்ட் ஏறி, மீட்டிங் முடிகிறவரை பேப்பரில் எண்ணெய் ஊறிக் கிடந்து, மேல்மாவு ரப்பர் மாதிரி இழுபடுகிற பஜ்ஜிக்கு எதற்குக் கலோரியைச் செலவழிக்கிறீர்கள்? வீட்டிலிருந்து ஒரு டப்பா சுண்டல் கொண்டுபோங்கள். கொண்டக்கடலையோ பட்டாணியோ, தேங்காய், மாங்காய் போட்டு மெரினா பக்குவத்தில். இரண்டாம் நாளே பஜ்ஜி கோஷ்டி உங்கள் டப்பாவைத் தேடி வரும், கொஞ்சம் கூடவே கொண்டுபோங்கள்.

மயிலாப்பூர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: எட்டு மாதமாக நாகேஸ்வர ராவ் பூங்காவில் தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து நடந்துவிட்டு, டிபன் முடித்துத்தான் வீடு. ஒரு கிலோகூடக் குறையவில்லையே?

சார், கேள்வியிலேயே பதிலையும் எழுதிவிட்டீர்கள். உங்கள் வயதில், நீங்கள் நடக்கிற நடையில், ஒரு மணி நேரத்துக்கு 200, மிஞ்சினால் 250 கலோரி செலவாகும். அப்புறம் ஒரு பிளேட் பொங்கல், ஒரு வடை, ஒரு காபி என்று உட்கார்ந்தால் 500-ஐத் தாண்டும். பொங்கலில் நெய் கண்ணுக்கே தெரியாது, அரிசியும் பருப்பும் குடித்துவிடும். தட்டைத் தூக்கிவிட்டு விரலைப் பாருங்கள், அதில் தெரியும். ஆக, நடந்த கடனை அடைத்து மேலே வட்டியும் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறீர்கள்.

நட்பை விட வேண்டாம், டிபனையும் விட வேண்டாம். வாரநாளில் இரண்டு இட்லி, கூடச் சாம்பார், பொங்கல் சனிக்கிழமைக்கு. அப்புறம், அந்த நடையையும் கொஞ்சம் பார்க்கணும். நடக்கும்போது பேச முடியணும், பாட்டுப் பாட மூச்சு இருக்கக் கூடாது, அதுதான் சரியான வேகம். நாலு பேர் சேர்ந்து அரசியல் பேசிக்கொண்டு நடந்தால் ஆளுங்கட்சி வரும்போது வேகம் கூடும், கூட்டணிக் கணக்கு வந்ததும் நின்றுவிடும். எடை இறங்கவில்லை என்று நடையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் தூக்கத்துக்கும் அது தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

இன்னொன்று, உங்கள் வயதில் நடையோடு நிறுத்தினால் போதாது. வாரத்தில் 150 நிமிஷம் நடையோடு, இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கணும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஜிம் தேவையில்லை. சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள், சுவரில் கை வைத்து ஒரு பத்துத் தண்டால். இந்த ஐப்பசி, கார்த்திகை மழையில் பூங்கா சேறாகிற நாட்களில் அபார்ட்மென்ட் படிக்கட்டு இருக்கவே இருக்கிறது, முழங்கால் ஒத்துழைத்தால். (நான் ஒருமுறை ஒரு வருஷத்துக்கு ஜிம்மில் மொத்தமாகப் பணம் கட்டினேன். போனது 19 நாள். அந்த ரசீது இன்னும் பீரோவில் இருக்கிறது.)

குரோம்பேட்டை வாசகர்: வெறும் வயிற்றில் வெந்நீர், எலுமிச்சை, தேன் குடித்தால் கொழுப்பு கரையுமா?

பாத்திரத்தில் கரையும்.

பெருங்குடி, பிஜி ஹாஸ்டல் தம்பி: வயது 24. உயரம் 170 செ.மீ., எடை 67 கிலோ. எல்லோரும் ஒல்லி என்கிறார்கள், ஆனால் சட்டையை டக்-இன் பண்ணினால் தொப்பை தெரிகிறது. நைட் ஷிஃப்ட். 11 மணிக்கு ஆப்பில் ஆர்டர். அரிசியை விட்டுவிட்டு சப்பாத்திக்கு மாறினால் சரியாகுமா?

தம்பி, உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கிற கணக்கு, 23.2. வெளிநாட்டு அட்டவணையில் 25 வரை நார்மல் என்று போட்டிருக்கும், அதைப் பார்த்து நிம்மதியாக இருக்காதீர்கள். நம் ஆட்களுக்கு 23-லேயே அதிக எடைக் கணக்கு ஆரம்பித்துவிடும், ஏனென்றால் கையும் காலும் குச்சியாக இருக்கும்போதே நமக்குக் கொழுப்பு வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் எடை மெஷினை விடத் தையல்காரர் டேப்பை நம்புங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை இழுத்துப் பிடிக்காமல் சுற்றுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ., அதற்குக் கீழே இருக்கணும். பேன்ட் சைஸ் 32 என்பதெல்லாம் கணக்கில் வராது, நீங்கள் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழேதானே போடுகிறீர்கள்?

அரிசி மேல் பழி போடுவது இப்போது ஃபேஷன். 100 கிராம் அரிசியிலும் 100 கிராம் கோதுமை மாவிலும் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான், 350 பக்கம். சிறுதானியமும் அதே தெருதான், நார் கொஞ்சம் கூட. ஒரு கப் சாதமும் இரண்டு சப்பாத்தியும் தலா 200, சப்பாத்தியில் எண்ணெய் தடவினால் அதற்கும் மேலே. சப்பாத்தியை எண்ணி வைக்கிறார்கள், சாதத்தைக் குவித்து வைக்கிறார்கள், வித்தியாசம் அவ்வளவுதான். உங்கள் தட்டில் அரிசி இருப்பது பிரச்சினை இல்லை, கூட வேறு எதுவும் இல்லாததுதான். நான் மேலே சொன்ன அதே வழிகாட்டியில் ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய் கீரை 400 கிராம் என்று இருக்கிறது, சமைப்பதற்கு முந்தைய எடை. பிஜி சாம்பாரில் பருப்பைத் தேட டார்ச் வேண்டும். அதனால் தினமும் இரண்டு முட்டை, ஒரு பிடி வேர்க்கடலை, கிடைக்கிற நாளில் சுண்டல் என்று நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். உங்கள் எடைக்கு நாளைக்கு 55 கிராமாவது வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால் அம்மாவிடம் நெத்திலிக் குழம்பு கேளுங்கள், வஞ்சிரம்தான் வேண்டும் என்று அவர்களைக் கடன்காரர் ஆக்காதீர்கள்.

11 மணி ஆர்டர் விஷயம். பசி வந்த பிறகு ஆப்பைத் திறந்தால் பரோட்டாதான் முதலில் கண்ணில் படும். ஷிஃப்டுக்குக் கிளம்பும்போதே, எட்டு மணிக்கு, ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், பாதி ராத்திரிக்குத் தயிர் சாதமோ பழமோ பையில் இருக்கட்டும். பகலில் ஜன்னலை மறைத்துத் தூங்குங்கள். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி இரண்டு மடங்காகத் தெரியும், அதை நீங்களே கவனித்திருப்பீர்கள்.

பெரம்பூர் வாசகி: வீட்டுக்காரரை 8 கிலோ குறைக்கச் சொல்லியிருக்கார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை மட்டும் விட மாட்டேங்கிறார். நீங்கள் எழுதினால் கேட்பார், "பிரியாணி கூடாது" என்று ஒரு வரி எழுதுங்கள்.

எழுத மாட்டேன்.

வாரத்துக்கு 21 வேளை. அதில் ஒரு வேளையை வைத்து மனுஷனோடு சண்டை போட்டு, பாக்கி 20 வேளையை அவர் இஷ்டத்துக்கு விட்டுவிடுகிறோம். ஞாயிறு மதியம் உங்கள் வீட்டு மேஜையை நான் இங்கிருந்தே சொல்லட்டுமா? நடுவில் பிரியாணி. அதைச் சுற்றி சிக்கன் 65, பத்தாதோ என்று வாங்கிய ஒரு குஸ்கா, பெரிய கோலா பாட்டில், கடைசியில் பிரெட் அல்வா. அவர் ஆசைப்படுவது நடுவில் இருப்பதற்கு, எடை ஏற்றுகிறது சுற்றி இருப்பது. 300 மில்லி கோலாவில் மட்டும் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. தம் பிரியாணி வாசனைக்குப் பக்கத்தில் கோலாவுக்கு என்ன வேலை, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பக்கெட் பிரியாணி வாங்காதீர்கள், பக்கெட் தீர்கிறவரை யாருக்கும் கை நிற்காது. ஆளுக்கு ஒரு பொட்டலம் என்று எண்ணி வாங்குங்கள், அல்லது வீட்டிலேயே அளந்து போடுங்கள். காலையில் பட்டினி போட வேண்டாம், பட்டினி கிடந்தவர் முதல் பத்து வாயை மெல்லவே மாட்டார். இரண்டு இட்லி கொடுங்கள். வெங்காயத் தயிர்ப் பச்சடியைக் கஞ்சத்தனம் பார்க்காமல் வையுங்கள், கத்திரிக்காய் கூடவே இருக்கட்டும். கறித்துண்டை முதலில் சாப்பிடட்டும். ஒரு தட்டு முடிந்ததும் கையைக் கழுவட்டும், தட்டு காய்கிறவரை உட்கார்ந்து பேசினால் இன்னொரு கரண்டி தானாக விழும். ராத்திரி ரசம் சாதம், ஒரு பொரியல். மதியத் தூக்கத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, என் வீட்டிலேயே அது செல்லுபடியாகவில்லை.

அவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். கோலாவை விட்டார் என்றால் பிரியாணிக்கு நான் ஜாமீன்.

கொளத்தூர், பெயர் வேண்டாம்: தை மாதம் கல்யாணம். இரண்டு மாதத்தில் 12 கிலோ குறையணும். ஜூஸ் மட்டும் குடிக்கிற டயட் ஒன்று சொன்னார்கள், இருக்கலாமா?

வேண்டாம்மா. வாரத்துக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ, அதற்கு மேல் உடம்பை விரட்டினால் அது தசையையும் சேர்த்துக் கரைக்கும், பித்தப்பையில் கல் வரவும் வழி உண்டு. இன்னொன்றும் இருக்கிறது, யாரும் சொல்ல மாட்டார்கள்: பட்டினி போட்டு வேகமாக இளைத்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக மறுவீட்டு விருந்து, கோயில் என்று சுற்றுகிற நேரத்தில். 4, 5 கிலோ குறைந்தாலே முகத்தில் தெரியும். ரவிக்கையைக் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் பிடித்துத் தைக்கச் சொல்லுங்கள், உள்ளே துணி விட்டு. மாப்பிள்ளை பார்த்துச் சம்மதம் சொன்னது இப்போது இருக்கிற உங்களைத்தானே?

அண்ணா நகர் வாசகர்: எடை குறைக்கிற ஊசி வந்திருக்கிறதே, போட்டுக்கொள்ளலாமா?

2025-லிருந்து இங்கேயும் அந்த ஊசிகள் கடைக்கு வந்துவிட்டன. உண்மையிலேயே உடல் பருமனால் கஷ்டப்படுகிறவர்களுக்கு நல்ல மருந்துதான், டாக்டர் பார்த்து எழுதிக்கொடுத்தால். குமட்டல், வாந்தி வரலாம், புரதமும் உடற்பயிற்சியும் இல்லாவிட்டால் தசையும் குறையும், நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்பி வரும். 3 கிலோவுக்காக நண்பர் போட்டுக்கொண்டார் என்று நீங்களும் போடுகிற சமாசாரம் இல்லை.

வளசரவாக்கம், புது மாப்பிள்ளை: தலை தீபாவளிக்கு மாமியார் வீட்டில் நாலு நாள். இரண்டரைக் கிலோ ஏறிவிட்டது. வேண்டாம் என்றால் மாமியார் முகம் வாடுகிறது. பொங்கலுக்கு மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள்!

முதலில் பயத்தை விடுங்கள். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7700 கலோரி கூடுதலாகச் சாப்பிடணும். இரண்டரைக் கிலோவுக்கு 19 ஆயிரம், நாலு நாளில் உங்கள் மாமியாரே நினைத்தாலும் அவ்வளவு ஊட்ட முடியாது. ஏறினதில் பெரும்பங்கு உப்பும் மாவும் பிடித்து வைத்திருக்கிற தண்ணீர், வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பி ஒரு வாரத்தில் பெரும்பகுதி இறங்கியிருக்கும்.

பொங்கலுக்கு ஒரு உபாயம். இலை காலியானால் அடுத்த கரண்டி வந்துவிடும், அது தமிழ்நாட்டுச் சட்டம். அதனால் இலை காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மெதுவாக. முதல் பரிமாறலில் எல்லாவற்றையும் பாதி பாதி வாங்கிக்கொண்டு, அப்புறம் நீங்களாகவே ஒரே ஒரு பதார்த்தத்தை, "அத்தை, அந்த அவரைக்காய்ப் பொரியல் இன்னும் கொஞ்சம்" என்று கேட்டு வாங்குங்கள். மருமகன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்ற பெருமை ஒரு வருஷத்துக்குத் தாங்கும், பாயசத்தை நீங்கள் ஒரு கரண்டியோடு நிறுத்தியது யார் கண்ணிலும் படாது. கேட்கிறது பொரியலாக இருக்கட்டும், மைசூர்பாகாக இருந்தால் என்னைக் குறை சொல்லாதீர்கள்.

மந்தைவெளி வாசகி: மார்கழி வரப் போகிறது. கச்சேரி கேட்கப் போகிறேனா, கேன்டீனுக்குப் போகிறேனா என்று எனக்கே சந்தேகம். போன சீசனில் 3 கிலோ.

உங்களுக்கு மட்டுமா? துக்கடா ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலேயே எழுந்து கேன்டீன் பக்கம் நகர்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. சில வருஷமாக எனக்குள் ஒரு ஏற்பாடு: சீசனில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் கேன்டீன், அந்த இரண்டு நாளும் இலைச் சாப்பாடு அல்லது டிபன், இரண்டில் ஒன்று. கூட ஒரு சிநேகிதி கட்டாயம், இனிப்பும் வடையும் ஆளுக்குப் பாதி. மற்ற நாளில் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கச்சேரிக்கு மட்டும். மந்தைவெளியிலிருந்து மயிலாப்பூர் சபாக்களுக்கு நடந்தே போய்விடலாம், மார்கழி வெயில் ஒன்றும் செய்யாது, நல்ல செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். திரும்பும்போது ஆட்டோ பிடித்தால் நான் கேட்க மாட்டேன்.

இந்த வருஷம் எந்தக் கேன்டீனில் அக்கார வடிசல் நன்றாக இருக்கிறது என்று தெரிந்ததும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். பாதிக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.